தயாராகிக்கொண்டிருக்கும் தாடை

நாச்சியாருடைய கீழ்த்தாடை சிறு வயதிலிருந்தே கொஞ்சம் முன்னால் நின்றது. அதனால் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய ஜவுளிக்கடையில் அவள் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க மட்டும் வந்தவர்களையும் பை தூக்க வைத்து அனுப்புகிற வாய் அது. முன்பல்லால் எதையும் கடிக்க வராது. கடைவாயில் ஒதுக்கி மென்றுகொள்வாள். சில நாள் காதோரம் வலிக்கும். மற்றவர்களைப் போல நாமும் ஒருநாள் கடித்துத் தின்ன மாட்டோமா என்று நினைத்துக்கொள்வாள். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

கடையின் ஆண்டுவிழாவுக்கு முதலாளி ஓர் இலவச மருத்துவ முகாம் வைத்தார். வினை அங்கேதான் வந்தது. தாடைச் சீரமைப்பு உயர் மையம் என்ற இடத்திலிருந்து டாக்டர் வெங்கிடேஷ் வந்திருந்தார். கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துக்காரர். நாச்சியாரின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவர் புதையலைக் கண்டவர் போல எழுந்து நின்றுவிட்டார்.

"ஆஹா, என்ன அருமையான வாய்!" என்றார்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த வாயை யாரும் புகழ்ந்ததில்லை. நாச்சியாருக்குக் கூச்சமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற புருஷன் வீரபாண்டிக்குப் பெருமையாக இருந்தது. அவன் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"பயப்படாதீங்கோ," என்றார் டாக்டர். "தாடை முன்னாடி வந்துடுத்தோல்லியோ, அதை மறைக்கறதுக்காகக் கீழ்ப்பல்லு உள்ளே சாஞ்சிருக்கு, மேல்பல்லு வெளியே சாஞ்சிருக்கு. பல்லு பொய் சொல்லிண்டிருக்கு. கம்பி போட்டு அதை நிமித்தி, மொதல்லே உண்மை பேச வைக்கணும். அப்பறம் எங்க மையத்து மாடியிலே எலும்பை வெட்டி ஒரே நாள்லே சரி பண்ணிடுவா."

"நிமித்துனா மொதல்ல இன்னும் மோசமாத் தெரியுமே சார்?" என்றாள் நாச்சியார்.

"மோசமாகணும்! நன்னா மோசமானாத்தான் நன்னா சரியாகும்."

வீரபாண்டிக்கு இது உடனே புரிந்தது. "வெள்ளையடிக்க முன்னால சொவரச் சொரண்டத்தானட்டி செய்வாங்க," என்றான். சுரண்டுகிறவனும் அடிக்கிறவனும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத ஆட்களாக இருந்தால் சுவர் என்ன கதி ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. முறை என்னவோ சரியான முறைதான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம். தொடங்கிய பிறகு முடித்தும் விடுகிறார்களாம்.

மையத்தின் கட்டடத்தில் தரைத்தளம் தயாரிப்புப் பிரிவு. டாக்டர் வெங்கிடேஷ் அங்கே தலைவர். முதல் மாடி அறுவைப் பிரிவு. அங்கே டாக்டர் ராஜமணி தலைவர். இரண்டாம் மாடியில் நீண்டகால நிலைத்தன்மைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. வெட்டி நகர்த்திய தாடை வருஷங்கள் கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மையத்தின் இயக்குநர் டாக்டர் அம்மிணியே அதற்கும் தலைவர். கட்டடம் முழுக்க அவ்வளவு சுத்தம். அறுவை அரங்கைத் தினமும் கழுவித் துடைத்துப் பூட்டி வைத்தார்கள். ஓணத்துக்கு அரங்கின் வாசலிலேயே அத்தப்பூக்களம் போட்டார்கள். பூவை மிதிக்காமல் உள்ளே போக முடியாது என்பதால் ஓணம் முடிகிறவரை அறுவை இல்லை என்றார்கள். ஓணம் முடிந்த பிறகு பூவைப் பற்றிப் பேச்சில்லை. அறுவையைப் பற்றியும் பேச்சில்லை.

கம்பி போட்டார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் முறுக்கினார்கள். மாணவர்கள் சூழ்ந்து நிற்க, டாக்டர் வெங்கிடேஷ் ஸ்கேலை வைத்து அளப்பார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே இடைவெளி போன தடவையைவிடக் கூடியிருந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் தடவை நாச்சியாரும் சந்தோஷப்பட்டுச் சிரித்தாள். பிறகு கைதட்டல் கூடக் கூட அவள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். முன்பு கடைவாயிலாவது மென்றுகொண்டிருந்தாள். இப்போது கடைசிக் கடைவாய்ப்பல் இரண்டு மட்டும் பேருக்கு ஒட்டின. கஞ்சி, குழைந்த சோறு, பாலில் ஊறிய ரொட்டி என்று சாப்பாடு சுருங்கியது. பேசினால் காற்று வெளியே போயிற்று. சேலையின் விலையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் சேலையைப் பார்க்காமல் வாயையே பார்த்தார்கள்.

"சரியாவுறது வரைக்கும் குடோன்ல மடிப்புப் பாருட்டி," என்றார் முதலாளி. முகாம் வைத்தவரும் அவர்தான்.

ஒருநாள் டாக்டர் வெங்கிடேஷ் ஸ்கேலை உயர்த்திக் காட்டினார். "ரெடி! என் சர்வீஸ்லே இத்தனை மோசம் பார்த்ததில்லை!" என்றார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மையத்து நர்ஸ் ஜிஷா சிஸ்டர் நாச்சியாரின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "இனி கூட்டாலோசனை மாத்ரம் போதும் சேச்சி," என்றாள்.

கூட்டாலோசனை நடக்கிற இடம் மாடிப்படி. தரைத்தளத்துத் தலைவர் மேலே ஏறிப் போனால் அவர் கீழ்ப்பட்டவர் என்று ஆகிவிடும். மேல்மாடித் தலைவர் கீழே வந்தால் அவர் இறங்கிவிட்டார் என்று ஆகிவிடும். அதனால் படி திரும்புகிற இடத்தில், சுவரோரம் நின்றுகொண்டு பேசுவார்கள். இரண்டு பக்கமும் படிகள் சமமாக இருக்கின்றனவா என்று பொறியாளரை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் இந்த ஏற்பாட்டுக்கு இருவரும் சம்மதித்தார்கள். நோயாளிகள் படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர்கள் கையில் அவர்களுடைய பற்களின் பிளாஸ்டர் அச்சுகள் இருக்கும்.

நாச்சியாரின் அச்சை டாக்டர் ராஜமணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நாகர்கோவில்காரர்.

"வெங்கிடேஷே, இந்த ஓரப்பல்லு ஒரு மயிரிழை நிமிரணுமாக்கும்."

"அது நிமிர்ந்துதான் இருக்கு. நீங்க சாச்சுப் பிடிச்சுண்டு பாக்கறேள்."

"எலும்ப வெட்டுகது நானாக்கும். நாளைக்கு அது பழைய எடத்துக்குத் திரும்பிச்சிண்ணா பழி ஆருக்கு?"

"பல்லை ஒழுங்கா நிறுத்தலேன்னு என் தலையிலேதான் கட்டுவேள். தெரியாதா?"

"அப்பம் நிமித்தித் தாரும்."

"தரேன். அப்பறம் நாள் இல்லேன்னு சொல்லப்படாது."

இன்னும் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் இருவருக்கும் எப்போதும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான்.

"சார், நான் மென்னு தின்னே ரொம்ப நாளாச்சு," என்றாள் நாச்சியார் படியிலிருந்து. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பிளாஸ்டருக்கு ஒரு சொந்தக்காரி இருப்பது அவர்கள் நினைவில் இல்லை.

பக்கத்துப் படியில் இருந்தவர் உட்காருவதற்கு வீட்டிலிருந்தே மெத்தை கொண்டுவந்திருந்தார். பெயர் லிங்கராஜ். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. "நான் காலேஜ்ல படிக்கும்போ வந்தேன்," என்று தன் ஏறிப்போன நெற்றியைத் தடவிக்கொண்டார். "பல்லு ரெடியாகும்போ ராஜமணி சாருக்கு நாள் இருக்காது. நாள் கிட்டும்போ பல்லு நகண்டிருக்கும். அச்சு பின்னயும் எடுக்கணும். மெத்த ஒண்ணு வாங்கிக்கோ தங்கச்சி. படி ரொம்ப குளிரும்."

அன்று ராத்திரி வீரபாண்டி கஞ்சியை ஆற்றிக் கொடுத்தான். அவன் தட்டில் பொரித்த மத்தி இருந்தது. அவள் பார்க்காதபோது தின்று முடித்துவிட நினைத்தான். அவளோ அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

"வேற ஆசுபத்திரி பாப்போம்," என்றான்.

கழக்கூட்டத்தில் தனியார் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஆதிரா நல்ல பெண். வாயைப் பார்த்ததும், "எத்ர நல்ல தயாரிப்பு!" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டு, நாச்சியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சேச்சி, பாதியில நிக்கிற கேஸை வேற ஆரும் தொடமாட்டாங்க. நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தா, அவங்க கம்பியா என் கத்தியான்னு கேஸாவும். அவங்க விட்டுத் தந்தாலே நான் எடுக்க முடியும்."

"ஆபரேஷனே வேண்டாம் டாக்டர். பழையபடி ஆக்கித் தாங்க, அது போதும்."

"நேரா நிக்கிற பல்லைத் திரும்பவும் கோணலாக்கித் தாறதுக்கு எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டாங்க சேச்சி. அது தப்பான சிகிச்சை."

மறுநாள் மையத்தில் போய் விடுதலை கேட்டார்கள். "சிகிச்சை தீர்ந்தா விடுதல் தராம்," என்றாள் ஜிஷா சிஸ்டர், மிகவும் பிரியமாக. சிகிச்சை எப்போது தீரும்? அறுவை முடிந்தால். அறுவை எப்போது? தயாரிப்பு முடிந்தால். தயாரிப்பு? "அது டாக்டர்மார் கூட்டாலோசனையில பறயும்." புலிவாலைப் பிடித்தவனாவது ஒருநாள் கை சோர்ந்து விட்டுவிடுவான். இங்கே புலி அவள் வாய்க்குள் கம்பியோடு உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில் நிலைத்தன்மைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அறுவைக்குப் பிறகு தாடையைத் தள்ளிக் கெடுப்பது நாக்குதானாம். அதனால் அறுவை நடக்காதவர்களுக்கும் நாக்கு வகுப்பு உண்டு. இரண்டாம் மாடியில் வரிசையாக உட்கார வைத்து, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து அசையாமல் இருக்கச் சொல்வார்கள். டாக்டர் அம்மிணி நடுவே நடந்துகொண்டு, "நாக்கு அடங்கணும். நாக்கு அடங்கினா எல்லாம் அடங்கும்," என்பார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கடைசியில் கேட்பார். யாரும் எதுவும் கேட்டதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்போது கேள்வி வராது.

அந்த வருஷம் மையத்தின் ஆண்டுவிழாவில் நாச்சியாருக்குச் சிறந்த தயாரிப்பாளர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் தில்லியிலிருந்து வந்த ஆய்வுக்குழு உட்கார்ந்திருந்தது. மையத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வந்தவர்கள். டாக்டர் அம்மிணி கசவுச் சேலையில் மேடையேறிப் பேசினார். பக்கத்தில் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தார், சாலைக் கடைக்காரர்களுக்காக.

"முன்பெல்லாம் இங்கே வாரந்தோறும் அறுவை நடந்தது. வருத்தத்தோடு சொல்கிறேன், அவற்றில் சில தாடைகள் பழைய இடத்துக்கே திரும்பின. நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஆராய்ந்தோம். திரும்பிய தாடைகள் எல்லாமே அறுவை செய்யப்பட்ட தாடைகள் என்ற உண்மை தெரியவந்தது. அறுவை செய்யாத ஒரு தாடைகூடத் திரும்பவில்லை! அன்றிலிருந்து நாங்கள் தயாரிப்பில் முழுக் கவனம் செலுத்துகிறோம். இன்று நம் நிலைத்தன்மை நூற்றுக்கு நூறு. இதைத் தகர்க்க யாரையும் அனுமதிக்க மாட்டோம். ஒரு கத்தியையும் அனுமதிக்க மாட்டோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டாக்டர் ராஜமணிதான் எல்லோருக்கும் முன்னால் தட்டத் தொடங்கினார்.

பொன்னாடையோடு நின்ற நாச்சியாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஓரப்பல்லோ மயிரிழையோ காரணம் இல்லை. கோபத்தில் மைக்கைப் பிடித்தாள். "அப்பம் எனக்கு ஆபரேஷன் எப்பம் மேடம்?"

"இத்தனை நல்ல தயாரிப்பை அவசரப்பட்டுக் கெடுக்கலாமா?" என்றார் டாக்டர் அம்மிணி, குழந்தையிடம் பேசுவது போல.

ஆனால் முன்வரிசையில் இருந்த தில்லிக்காரர் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அறுவைப் பிரிவு என்று ஒன்று இருக்கும்போது ஓர் அறுவையையாவது பார்த்துவிட்டுப் போகலாமே என்றார். மேடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மறுவாரமே நாச்சியாருக்கு நாள் குறித்தார்கள்.

வீரபாண்டிக்குக் கழுத்தில் பைஸ்டாண்டர் அட்டை மாட்டிவிட்டார்கள். கூட வந்து நிற்பவர் என்று அர்த்தம். மற்ற எந்தப் பதவியையும்விட அதற்குப் பொருத்தமான பெயர். நிற்கத்தான் முடியும். "எல்லாம் சரியாயிரும் நாச்சி. வெளியதான் நிக்கேன்," என்றான். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அரங்கு பளபளவென்று இருந்தது. தில்லிக்காரர்கள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். டாக்டர் வெங்கிடேஷ் மாடியேறி வந்திருந்தார், ஆனால் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். டாக்டர் ராஜமணி கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். கத்தியைத் தொட மனம் வராமல் அவர் மூன்றாம் தடவையும் குழாயைத் திறந்ததை நாச்சியார் படுத்தபடியே பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. பாவம் என்றுதான் இருந்தது.

மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் அம்மிணி குனிந்தார். "ஒரு கேள்வி மாத்ரம். எல்லாரோடும் கேக்கிறதாணு. ஆபரேஷன் கழிஞ்சா இருபது வருஷம் ஆனாலும் இந்தத் தாடை இதே எடத்துல உறச்சு நிக்கும்னு நீங்க உறுதி தர்றீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடையில் சாயம் போகாது என்று தினமும் நூறு தடவை சொல்லுகிறவள்தான் அவள். ஆனால் டாக்டர் ராஜமணி கை கழுவிக்கொண்டே இருப்பதைப் பார்த்த பிறகு அவளுக்குப் பொய் வரவில்லை. அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"அது எப்படி மேடம் நான் சொல்ல முடியும்? திரும்புனா திரும்பிட்டுப் போவுது. சாரை ஒண்ணும் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்காவது மனுசரப் போல மென்னு தின்னுக்கிடுதேன். அது போதும் எனக்கு. நீங்க வெட்டுங்க சார்."

டாக்டர் ராஜமணி கையுறையைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அவர் முகத்தில் வெகுநாளாக இல்லாத நிம்மதி வந்திருந்தது.

டாக்டர் அம்மிணி நிமிர்ந்து, சுவரோரம் நின்றவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நோயாளிக்கு நீண்டகால நிலைத்தன்மையில் ஈடுபாடு இல்லை. கொஞ்ச நாள் போதும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவருக்கு அறுவை செய்வது மருத்துவ தர்மம் அல்ல. பல் தயாராகிவிட்டது, மனசு தயாராகவில்லை. மனத் தயாரிப்புக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்க வேண்டும் என்று தாம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

இவ்வளவு கறாரான இடத்தைத் தாங்கள் இந்தியாவிலேயே பார்த்ததில்லை என்றார்கள் தில்லிக்காரர்கள். அங்கீகாரம் அங்கேயே புதுப்பிக்கப்பட்டது. புதிய பிரிவுக்கும் அனுமதி கிடைத்தது. வாசல்படியில் நின்ற டாக்டர் வெங்கிடேஷ், "மூணாவது மாடி கட்டணுமே," என்றார்.

ஜிஷா சிஸ்டர் தள்ளுவண்டியை வெளியே கொண்டுவந்தாள். உட்காராமல் நின்றுகொண்டிருந்த வீரபாண்டி ஓடிவந்தான்.

"முடிஞ்சிட்டா? அதுக்குள்ளயா? ஏட்டி நாச்சி, வலிக்கா?"

ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தான். தாடை எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. என்ன நடந்தது என்று ஜிஷா சிஸ்டர் சொல்லச் சொல்ல, அவன் அட்டையைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். நாச்சியாருக்கு அழுகை வந்தது. வராந்தாவில் ஆட்கள் நின்று பார்க்கிறார்களே என்று வாயை இறுக மூடி அடக்கப் பார்த்தாள். வாய் மூடவில்லை.